புள்ளிக் கணக்கு

தள்ளுபடி நள்ளிரவில்
பிராசசரை மட்டும் வாங்கிவிட்டேன்.
ஒரு கடலைமிட்டாய்த் துண்டு அளவு.
விலை, என் ஸ்கூட்டியை இன்று விற்றால் வருவது.
உட்கார இடமில்லாமல்
பீரோவில், பான் கார்டுக்குப் பக்கத்தில்
பதினொரு நாள் கிடந்தது.

பழைய போர்டு ஆகாது.
அதில் இருப்பது துளைகள்.
இதற்கோ நுழைக்கக் கால்களே இல்லை,
அடியில் தங்கப் பொட்டுகள் வரிசை வரிசையாக.

பிறர் கல்யாணத்தை வெட்டி ஒட்டுவது என் தொழில்.
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்,
மண்டபத்துக்கு வெளியே நின்ற மாட்டைக்கூட
எடுத்து அனுப்பியிருப்பார்கள்.
எல்லாம் ஓடி வந்து
திருப்பூட்டும் இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும்,
தொண்ணூற்றேழு சதவீதத்தில்.
மாப்பிள்ளையின் கை
கழுத்துக்கு அரைச் சாண் தள்ளி அப்படியே இருக்கும்.
நான் உலை வைத்து, வடித்து, சாப்பிட்டு,
தட்டையும் கழுவிவிட்டு வருவேன்.
கை அங்கேயே இருக்கும்.

செக்காலை ரோட்டில் ரவூப் கடை.
மேசையில் மூன்று போர்டு வைத்தார்.
முதலாவது மலிவு.
"மே மாசம் தாங்காது ஆச்சி.
கரண்டு ஏறி இறங்குற எடத்துல
சூட்டுக்கு ஒரு தகடுகூட இல்ல பாருங்க."
அடுத்தது ஏழு நிறத்தில் மினுக்கும்.
மினுக்கை நிறுத்த ஒரு மென்பொருள்,
அதற்கு ஒரு கணக்கு, அதற்கு ஒரு கடவுச்சொல்.
வேண்டாம்.
மூன்றாவது வெறும் கறுப்பு.
பழைய ராம் இதில் சேருமா என்றேன்.
சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கு ஏழாயிரம் ரூபாய்.

சாக்கெட்டின் மூடியைத் திறந்து
செல்போன் வெளிச்சம் அடித்துக் காட்டினார்.
"ஆயிரத்து எழுநூத்திப் பதினெட்டு முள்ளு.
அங்க அத்தனை புள்ளி, இங்க அத்தனை முள்ளு.
ஒண்ணு வளைஞ்சாலும் ஏத்துக்காது."

புள்ளி எனக்குத் தெரியும்.
எங்களில் கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி,
கோவில் ஏட்டில் பேர் ஏறும்.
அவர் போன பிறகு வந்த ரசீதில்
சாத். உமையாள், அரை.
வரியும் பாதிதான்.
அவர் இருந்திருந்தால்
லாபம்தானே என்பார்.

கறுப்பை வாங்கி வந்தேன்.
முக்கோணத்துக்கு முக்கோணம் பார்த்து வைத்து,
நெம்புகோலை அழுத்தும்போது
நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.
அப்படித்தான் கேட்கும் என்று ரவூப் சொல்லியிருந்தார்.
சொல்லியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பொத்தானை அமுக்கினால்
விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு.
ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்.

"போர்டு போன வருசத்துச் சரக்கு ஆச்சி,
பிராசசர் இந்த வருசம்.
புள்ளியெல்லாம் சரி. ஆளைத்தான் தெரியல.
பின்னால சின்னதா ஒரு பொத்தான் இருக்கா?
பென்டிரைவ்ல புது பயாஸைப் போட்டுச் சொருகி அமுக்குங்க.
நடுவுல கரண்டு மட்டும் போகக் கூடாது."

பிராசசர் உள்ளே இருக்க வேண்டுமா என்றேன்.
"இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.
போர்டு தானாப் படிச்சுக்கும்."

கழற்றத் தேவையே இல்லை.
கழற்றினேன்.
பசையைத் துடைத்து, சாக்கெட்டை மூடி,
பிராசசரைப் பழையபடி
பான் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது.
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள்,
குழல்விளக்கு ஒரு நொடி மங்கியது.
பாழாய்ப்போனவர்களே, தண்ணீரை நாளைக்கு ஏற்றினால் என்ன.
ஏழு நிமிடம்.
உள்ளே யாரும் உட்காராமல்
என்னத்தைத்தான் படித்ததோ.
விளக்கு நின்றது.

மறுபடி முக்கோணம், பசை, அந்தச் சத்தம்.
திரையில் வெள்ளை எழுத்தில் பிராசசரின் பேர்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.

தேவகோட்டைக் கல்யாணத்தைத் திறந்து ஓடவிட்டேன்.
தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு.
பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்
அரிசியை அளந்துகொண்டிருக்கிறேன்,
அதற்குள் இங்கே கெட்டிமேளம்.
ஓடி வந்து பார்த்தால்
பூட்டிவிட்டான்.
உலைகூட இன்னும் வைக்கவில்லை.